மரம் நடச் சொல்றீங்க, சரி. எந்த மண்ணுல?

மலையகம்னு சொன்னதும் கொழும்புல கூடப் படிக்கிறவங்க முதல்ல கேக்குறது, "உங்க ஊர்ல செம குளிரா?" நுவரெலியாவுக்கு அது சரி. ஆனா இரத்தினபுரி டவுன் கடல் மட்டத்துல இருந்து 100 மீற்றர் உயரம்கூட இல்ல. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, காவத்தை, நிவித்திகலைப் பக்கத் தோட்டங்களுக்கு மார்ச் மாச மத்தியானத்துல வந்து, தகரக் கூரை போட்ட லயக் காம்பராவுல அரை மணித்தியாலம் உக்காந்து பாருங்க. அப்புறம் ஸ்வெட்டர் பத்திப் பேசலாம்.

எங்க வெயில் கொஞ்சம் விசித்திரமானது. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல மழை பெய்யுது. நாட்டிலேயே அதிகம் நனையிற மாவட்டங்கள்ல இதுவும் ஒன்னு. ஆனா ஜனவரி, பெப்ரவரி வந்தா பீலியில தண்ணி நூலா இறங்கும், குடங்கள் வரிசையில நிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இறப்பர் மரமும் இலையைக் கொட்டும். வருஷம் பூரா லயத்தைச் சுத்தி இருந்த நிழல், வெயில் ஏறுற மாசத்துல காணாமப் போயிடும். ஏப்ரல் 5இல் இருந்து 15க்குள்ள சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வருதுன்னு வளிமண்டலவியல் திணைக்களம் வருஷா வருஷம் சொல்லுது. கூடவே வெப்பச் சுட்டெண் அறிவித்தலும் வருது: தண்ணி நிறைய குடிங்க, நிழல்ல இருங்க.

எந்த நிழல்ல?

காலையில இருந்து மலையில நின்னு கொழுந்து எடுத்த அம்மா, பால் வெட்டிட்டு வந்த அப்பா, கொஞ்சம் சாய்ஞ்சு கிடக்க வர்ற இடம் அந்தக் காம்பராதான். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். முதுகுக்கு முதுகு கட்டின லயமா இருந்தா பின்னால ஜன்னலும் கிடையாது. வெயிலைத் தடுக்க மிஞ்சி இருக்கிறது கூரையும் வாசலும் மட்டும்தான்.

கையில இருக்கிறதை வச்சே செய்யக்கூடிய வேலைகள் இருக்கு. அதை மார்ச்சுல தொடங்கினா பிரயோசனம் இல்ல. ஒக்டோபர், நவம்பர் மழையில தொடங்கணும், அப்பதான் வேர் பிடிக்கும். பின்னேர வெயில் விழுற பக்கத்துல ஒரு பந்தல் போட்டு பாகல், பீர்க்கு, புடோல் ஏத்தி விட்டா பெப்ரவரிக்குள்ள சுவர் மறைஞ்சிடும், கறிக்கும் ஆகும். அரிசி, மரக்கறி கழுவுற தண்ணியைக் கானுக்குள்ள விடாம ஒரு வாழைக் குத்துக்குத் திருப்பலாம். உதிர்ந்த இறப்பர் இலையைக் கூட்டிக் கொளுத்துறது எங்க எல்லார் வீட்டுப் பழக்கமும். அதையே செடி அடியில கனமாப் பரப்பினா மண்ணோட ஈரம் நிக்கும். தண்ணி ஊத்துறதை விடியலிலோ பொழுது சாய்ஞ்ச பிறகோ வச்சுக்கிட்டா பாதி தண்ணி ஆவியாப் போகாது.

கூரையும் முக்கியம். இந்தியாவுல அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல் திட்டம் ஒன்னு கொண்டு வந்தது. பிறகு அங்க ஏழைகள் வாழ்ற வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசவும் தொடங்கினாங்க. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் விஷயம். எங்க தகரங்களுக்கும் அது பொருந்தும். ஆனா ஒரு லயத்துக் கூரை முழுக்கப் பூச ஆகுற பெயின்ட் காசு ஒரு குடும்பத்தால முடியிற காரியம் இல்ல.

இது வரைக்கும் சொன்னது ஒரு வருஷத்துப் பாடு. நிஜமான நிழல் மரத்துல இருந்துதான் வரும். எங்க பிரச்சினையும் அங்கதான் தொடங்குது.

எங்கள்ல ஒருத்தரோட அம்மா லயத்துக்குப் பக்கத்துல ஒரு பலாக்கன்னு வச்சாங்க. ஆள் உயரம் வந்தப்போ, "இது தோட்டத்துக் காணி, கேக்காம மரம் வைக்கக் கூடாது"ன்னு சொல்லி வெட்டிட்டாங்க. அதுக்குப் பிறகு அந்த வாசல்ல மிளகாயும் கத்தரியும் மட்டும்தான். பத்து வருஷம் கழிச்சுப் பலன் தர்ற ஒன்னை நட, பத்து வருஷம் கழிச்சும் இங்க இருப்போம்ங்கிற நம்பிக்கை வேணும். எங்க ஆக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம்னு 2023இல் நினைவு கூர்ந்தோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள்ல தோட்டங்கள் அரசுக்குப் போச்சு, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போச்சு. லயத்து வாசல் மட்டும் யாருக்கும் எழுதித் தரப்படல.

காணி தொழிலுக்கு வேணும்னு நிர்வாகங்கள் சொல்றது எங்களுக்கும் விளங்குது. நாங்க தேயிலையைப் பிடுங்கிட்டு மரம் நடக் கேக்கல. லயத்தை ஒட்டி ஏற்கனவே தரிசாக் கிடக்கிற மண்ணைத்தான் கேக்குறோம். எல்லா மரமும் எல்லா இடத்துலயும் நடக் கூடாதுங்கிறதும் தெரியும். 2016 மே மாசம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிஞ்சதைப் பார்த்தவங்க நாங்க. மே மாசக் காத்துல கூரை மேல விழுற பெரிய மரம் வேணாம். தள்ளி ஒரு பலா, கிட்ட முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை போதும்.

அதனால எங்க கோரிக்கை ரெண்டுதான். ஒன்னு, காணி உறுதி கிடைக்கிற வரைக்கும், லயத்தைச் சுத்தி மரம் வைக்கவும் அதன் பலனை எடுக்கவும் குடும்பங்களுக்கு எழுத்துல அனுமதி வேணும். வாய்ப்பேச்சு துரை மாறினா மாறிடும். ரெண்டு, புதுசாக் கட்டுற வீடுகளை வெறும் மண்மேட்டுல வரிசையா நிறுத்தி விட்டுப் போகாம, நிழலையும் தண்ணியையும் திட்டத்துலயே சேர்க்கணும்.

நாங்க எங்க பங்குக்கு இந்த ஒக்டோபர்ல பந்தக்கால் நடப் போறோம். காணி உறுதி வர்ற வரைக்கும் பாகற்கொடி காத்திருக்காது, மார்ச்சும் காத்திருக்காது. உங்க லயத்துல பின்னேர வெயில் எந்தச் சுவர்ல விழுதுன்னு இன்னைக்கே பார்த்து வைங்க.