அரம் செய்வது பாதி வேலைதான்

பல்லின் வேருக்குள் மிகக் குறுகலான கால்வாய் உண்டு. நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் அதில் இருக்கிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் அங்கே புகுந்துவிட்டால், பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கால்வாயைச் சுத்தம் செய்து அடைத்துவிட வேண்டும். அதற்கான கருவி, ஊசி போன்ற மெல்லிய அரம்.

25-ஆம் எண் அரத்தின் முனை விட்டம் 0.25 மி.மீ. வழக்கமான அரம் முனையிலிருந்து மில்லிமீட்டருக்கு 0.02 மி.மீ. வீதம் பருத்துக்கொண்டே போகும். 16 மி.மீ. தள்ளி விட்டம் எவ்வளவு? 0.57 மி.மீ.

இங்கேதான் இயற்பியல் வருகிறது. உருண்டைக் கம்பியின் விட்டம் இரு மடங்கானால், அதே அளவு வளைக்க 16 மடங்கு விசை வேண்டும். எனவே பருத்த எஃகு அரம், வளைந்த கால்வாயில் வளைய மறுத்து நேராகத் தோண்டப் பார்க்கும். 1988-இல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் ஆகியோர் நிக்கல்–டைட்டானியக் கலவையில் அரம் செய்து சோதித்தார்கள். அது எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வளைந்தது. இன்று அத்தகைய அரங்களை மோட்டார் சுழற்றுகிறது.

“மோட்டார் வந்துவிட்டது, சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்” என்று பலர் மகிழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுழலும் அரம் வட்டமான துளையைத்தான் குடையும். கால்வாயோ பல இடங்களில் தட்டையாக இருக்கும், கிளையும் பிரியும். எக்ஸ் கதிர் நுண்படங்களில் அளந்தபோது, கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரம் தொடாமலே இருந்தது தெரிந்தது.

அங்கெல்லாம் செல்லக்கூடியது திரவமே. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் கிருமிகளைக் கொல்லும், அழுகிய திசுவையும் கரைக்கும். ஆனால் முனை மூடிய நுண்குழாயில் காற்று சிக்கித் திரவத்தைத் தடுக்கும். கேளா ஒலியால் அதிரும் மெல்லிய கம்பியைக் கொண்டு திரவத்தைக் கலக்குவது இதனால்தான். கரைசல் வினைபுரிந்து வலுவிழக்கும்போது புதிதாக விட வேண்டும். இதற்கெல்லாம் நேரம் தேவை. வேதிவினை மோட்டாரின் வேகத்துக்குக் கட்டுப்படாது.

அப்படியானால் அரம் வீணா? இல்லை. அது அகலப்படுத்தாவிட்டால் திரவம் உள்ளே போகாது. அரம் வழி திறக்கிறது, திரவம் கழுவுகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாருக்கேனும் இச்சிகிச்சை நடந்தால், “எப்போது முடியும்?” என்று மருத்துவரை அவசரப்படுத்த வேண்டாம். “நன்றாகக் கழுவியாயிற்றா?” என்று கேளுங்கள். அதுதான் அறிவியல் படித்தவர் கேட்கும் கேள்வி.