காணாமற்போன தோழியைத் தேடும் பிள்ளைகள்

பள்ளி நூலகங்களிலிருந்தும் ஃபோர்ட் வட்டாரத்து நடைபாதைப் புத்தகக் கடைகளிலிருந்தும் ஒரு வகை ஆங்கில நாவல்கள் மும்பைத் தமிழர் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை இரவு விளக்கணைக்கும் வரை கீழே வைப்பதில்லை. கதைகளின் அடிப்படை ஏறத்தாழ ஒன்றுதான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றின் உயிர்த்தோழி காணாமற்போகிறாள்; அல்லது இறந்துபோகிறாள். பெரியவர்கள் ஏதோ ஒரு காரணம் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் துருவத் தொடங்குகிறது.

மின்சார ரயிலில் இடிபட்டு வீடு திரும்பும் தகப்பனார், புத்தகத்தின் பின்னட்டையைப் படித்துவிட்டு முகம் சுளிப்பது இயல்பே. 'கொலை, போதை, சாவு! பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இதையா படிக்க வேண்டும்?' என்று அவர் கேட்டால் அதில் தவறில்லை. ஆயினும் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. இந்த நாவல்களில் சிறந்தவை பிள்ளைகளுக்குக் குற்றத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் மீது ஒரு புகாரை வைக்கின்றன. அந்தப் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டு.

அன்றைய துப்பறிவாளர்கள்

பிள்ளைகள் துப்பறியும் கதை புதிதன்று. அமெரிக்காவில் 1927-இல் ஹார்டி சகோதரர்களும், 1930-இல் நான்சி ட்ரூவும் அறிமுகமானார்கள். இங்கிலாந்தில் ஈனிட் பிளைட்டனின் ஐவர் குழு 1942-இல் கிளம்பியது. இந்தியாவில் ஆங்கிலப் பள்ளிகளில் படித்த இரண்டு மூன்று தலைமுறையினர் இவற்றைப் படித்தே வளர்ந்தார்கள். கடத்தல்காரர்கள், புதையல், பாழடைந்த மாளிகை, சுரங்கப்பாதை என்று கதை ஓடும். கடைசியில் திருடன் பிடிபடுவான். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். அழுவதற்கு அங்கே வேலையில்லை.

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான துப்பறிவாளர்களோ பெரியவர்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ் - வசந்தும் தொழில் முறையில் வழக்கை எடுத்துக்கொள்பவர்கள். பெரும்பாலும் இறந்தவர் அவர்களுக்கு அந்நியர். மர்மம் விடுபட்டதும் அவர்களுடைய வேலை முடிந்துவிடுகிறது.

புதிய நாவல்கள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. இவற்றில் தேடுகிறவர் துப்பறிவாளர் அல்லர், துக்கத்தில் இருப்பவர். விடை கிடைத்தாலும் தோழி திரும்பி வரப்போவதில்லை என்பது தெரிந்தும் தேடுகிறார்கள்.

விடை கிடைக்காத தேடல்

ஜான் கிரீன் 2005-இல் எழுதிய 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா' இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் உறைவிடப் பள்ளி. அங்கே படிக்கும் அலாஸ்கா என்ற பெண் ஒரு நள்ளிரவில் குடித்த நிலையில் காரை எடுத்துக்கொண்டு போய் விபத்தில் இறக்கிறாள். அது விபத்தா, தற்கொலையா என்று அவளுடைய நண்பர்கள் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அன்றிரவு அவளைத் தடுக்காமல், வெளியே போக உதவி செய்தவர்களே அவர்கள்தாம். ஆகவே அவர்கள் தேடுவது அவளுடைய சாவின் காரணத்தை மட்டுமன்று. தங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் தேடுகிறார்கள். உறுதியான விடை கடைசி வரை கிடைப்பதில்லை. கிடைக்காமலே வாழக் கற்றுக்கொள்கிறார்கள்.

இளைஞர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் பரிசை 2006-இல் பெற்ற நூல் இது. அதே நூல்தான், நூலகங்களிலிருந்து நீக்கக் கோரி எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் 2015-ஆம் ஆண்டில் முதலிடத்தில் இருந்ததாக அமெரிக்க நூலகச் சங்கம் அறிவித்தது. கொச்சைப் பேச்சும் பாலியல் காட்சியும் இருப்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பெற்றோருக்கு வரும் கவலை, அமெரிக்கப் பெற்றோருக்கும் வந்த கவலைதான். அதை யாரும் பழமைவாதம் என்று கேலி செய்ய வேண்டியதில்லை.

ஒருத்தி மட்டும் கேட்ட கேள்வி

டிஃபனி ஜாக்சன் என்ற கறுப்பின எழுத்தாளரின் 'மண்டேஸ் நாட் கமிங்' 2018-இல் வெளிவந்தது. வாஷிங்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் கதை நடக்கிறது. கிளாடியா என்ற சிறுமி கோடை விடுமுறையைப் பாட்டி வீட்டில் கழித்துவிட்டுத் திரும்புகிறாள். பள்ளி திறந்த முதல் நாள் அவளுடைய தோழி மண்டே வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இரண்டு வாரங்கள் ஆகியும் இல்லை. மண்டேயின் தாய் நேரான பதில் சொல்ல மறுக்கிறாள். அக்காளிடம் கேட்டாலும் பயனில்லை. அவளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் கிளாடியாவுக்குப் பாடங்களில் துணையாக இருந்தவள் மண்டேதான். அதனால் அவள் இல்லாத குறை கிளாடியாவுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரியவே இல்லை.

முடிவை இங்கே சொல்லிவிடுவது படிக்கப் போகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். ஒன்று மட்டும் சொல்லலாம். கிளாடியா எந்த வீர சாகசமும் செய்யவில்லை. கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் போய்க் கேட்டாள். பெரியவர்கள் அவளுக்குச் சமாதானம் சொன்னார்கள். கேட்டவள் சிறுமி என்பதாலும், காணாமற்போனவள் ஏழை வீட்டுப் பெண் என்பதாலும் அவர்களுக்கு அவசரம் தோன்றவில்லை.

இது வெறும் கற்பனையும் அன்று. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனில் காணாமற்போன கறுப்பினச் சிறுமிகளைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. எண்ணிக்கை கூடவில்லை, படங்களைச் சமூக ஊடகங்களில் அடிக்கடி வெளியிடத் தொடங்கியதால்தான் கூடியதுபோல் தோன்றுகிறது என்று காவல் துறை விளக்கம் தந்தது. அந்த விளக்கமே ஒரு குற்றப்பத்திரிகைதான். அப்படியானால் அதற்கு முன்பும் சிறுமிகள் காணாமற்போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஊர் அதைக் கவனிக்கவில்லை என்றுதானே பொருள்?

ஆஞ்சலின் பௌலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' 2021-இல் வந்தது. அடுத்த ஆண்டு பிரின்ட்ஸ் பரிசு பெற்றது. மிச்சிகன் மாநிலத்துப் பூர்வகுடிப் பெண் டானிஸ், தன் தோழி சுட்டுக் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே பார்க்கிறாள். போதைப் பொருள் தன் மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று கண்டறிய மத்தியப் புலனாய்வினருக்கு உதவுகிறாள். அவர்களுக்குக் குற்றவாளி கிடைத்தால் போதும். டானிசுக்கோ தன் ஊர் பிழைக்க வேண்டும். சொந்த மக்களைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்வது எப்படி என்பதே அவளுடைய சங்கடம்.

எதை வாங்கித் தருவது?

இந்த வகையில் வருவதெல்லாம் நல்ல நூல் என்று சொல்வதற்கில்லை. ஒன்று விற்றால் அதே அச்சில் ஒன்பது வரும். அழகான பெண்ணின் பிணத்தை முதல் அத்தியாயத்தில் கிடத்திவிட்டு, ஆளுக்கொரு சந்தேகம், அத்தியாயத்துக்கொரு திருப்பம் என்று நடத்திச் செல்லும் நாவல்களும் இருக்கின்றன. அவற்றில் செத்தவள் ஒரு மனுஷியாகவே இருப்பதில்லை. விடுகதையின் முதல் வரியாக மட்டும் இருக்கிறாள்.

பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. படித்து முடித்த பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'செத்துப்போன அந்தப் பெண் எப்படிப்பட்டவள்?' அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், யாரோடு சண்டை போடுவாள் என்று பிள்ளை சொன்னால் அது படிக்கத்தக்க நூல். கொன்றவன் யார் என்பதை மட்டும் சொன்னால் பொழுதுபோக்கு. அதையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்காமல் நூலகத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். தற்கொலையும் வன்முறையும் வரும் நூல்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்காமல் சில ஆண்டுகள் பொறுத்துக் கொடுப்பதே விவேகம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை

வாஷிங்டன் கதை மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வகையில் மிக நெருக்கமானது. மே மாதம் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போய்விட்டு ஜூனில் திரும்பும் பிள்ளைகளுக்கு, வகுப்பில் பக்கத்து இடம் காலியாக இருப்பது புதிதன்று. தகப்பனுக்கு ஒப்பந்த வேலை முடிந்திருக்கும், வாடகை ஏறியிருக்கும், குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்திருக்கும். பத்தில் ஒன்பது இடங்களில் அதுதான் காரணமாக இருக்கும். அதனாலேயே, 'ஊருக்குப் போயிருப்பாள்' என்ற பதில் பெரியவர்கள் வாயில் தயாராக இருக்கிறது. பத்தாவது பிள்ளையும் அந்தப் பதிலுக்குள் மறைந்துவிடக் கூடும் என்பதுதான் ஆபத்து. வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவளும், வயது வருமுன் கட்டிக்கொடுக்கப்பட்டவளும், ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவளும் 'ஊருக்குப் போன' கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

விசாரிப்பது பெரிய காரியமன்று. மாற்றுச் சான்றிதழ் வாங்கப்பட்டதா, இல்லையா என்பது பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும். வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதை உடனே தர வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால், காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடத்தல் அன்று என்று விசாரணையில் தெரியும் வரை, கடத்தலாகவே கருத வேண்டும் என்றும் அது கூறியது. குழந்தைகளுக்கான 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் 1996-இல் இதே மும்பையில்தான் தொடங்கப்பட்டது. பெற்றோர்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பக்கத்து வீட்டாரும் பேசலாம், தோழியே கூடப் பேசலாம்.

சட்டமும் எண்ணும் இருக்கின்றன. முதலில் ஒருவர் கவனித்துக் கேட்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஆகவே, பன்னிரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கும் மகளைத் தூங்கச் சொல்லலாம். புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து வந்து, 'அப்பா, அந்தப் பெண் ஒரு வாரமாக வரவில்லை' என்று சொன்னால், ரயில் களைப்பில் 'ஊருக்குப் போயிருப்பாள்' என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்ளவும் வேண்டாம். மறுநாள் அரை மணி முன்னதாகக் கிளம்பி, பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலைக்குப் போகலாம்.