மலைக் காற்றும் குட்டி இன்ஜினும்

வீட்டுக் கொட்டகையில் பழைய மொபெட் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. பதினான்கு வயது மகன் அதன் இன்ஜினைக் கழற்றிச் சீர்செய்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திக் குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று செய்ய விழைகிறான். தந்தை என்ன சொல்ல வேண்டும்? "படிப்பைப் பார்" என்று அதட்டுவது எளிது. "எப்படியாவது போ" என்று விட்டுவிடுவது அதனினும் எளிது. இரண்டுமே தகா என்பது நம் கருத்து.

கோவைக்கு அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து நின்றார். பின்னர்க் கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து, பணம் சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். 1937-இல் மின்மோட்டார் உருவாக்கிய அவருடைய தொழிற்கல்வி அங்கேதான் தொடங்கியது. ஆகவே, பிள்ளையின் கை எண்ணெயில் கறுப்பதை நாம் இழிவாக எண்ணலாகாது.

1972-இல் வெளிவந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 போன்ற வண்டிகளில் இருந்தவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். உறுப்புகள் குறைவாதலின் கற்பதற்கு ஏற்றவை. முதலில் சைலன்சரிலும் சிலிண்டரின் புகைவாயிலிலும் படிந்த கரியை, உலோகம் கீறாதபடி சுரண்டி எடுக்க வேண்டும். பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் மட்டமாக வைத்து, அதன் இரு முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கைப்புத்தகம் சொல்லும் அளவை மீறினால் புது வளையம் தேவை. சிலிண்டரே கீறல் விழுந்து தேய்ந்திருந்தால், லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் நெடுநாள் கிடந்தால் இறுகிவிடும். அவற்றின் வழியே காற்றுப் புகுந்தால் வேறு எதைச் சீர்செய்தும் பயனில்லை. விலை சிறிதே. மாற்றிவிடுவது நன்று.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மலைவாசிகளுக்கு மட்டுமே உரிய பாடம் ஒன்று வருகிறது. எமரால்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டக் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டர் பெட்ரோலை ஏறக்குறைய முன்போலவே அளந்து விடுகிறது. காற்றோ குறைகிறது. விளைவு: கரும்புகை, திணறல், கறுத்து நனைந்த ஸ்பார்க் பிளக். "இன்ஜின் கெட்டுவிட்டது" என்று பையன் சோர்வடைவான். கெட்டது ஒன்றுமில்லை. மெயின் ஜெட்டைச் சற்றுச் சிறியதாக மாற்றி, சிறிது ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முனை காபிப்பொடி நிறம் கொண்டிருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலைக்கென ஜெட்டைக் குறைத்த இன்ஜினை, ஏறத்தாழ 300 மீட்டர் உயரமே உள்ள மேட்டுப்பாளையத்தில் அப்படியே ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிஸ்டன் கெடும்.

இன்னொன்று இறக்கம். இவ்வகை இன்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனை நனைக்கிறது. 25-க்கு 1 என்ற விகிதமானால் லிட்டருக்கு 40 மில்லி. நெடிய சரிவில் ஆக்சிலேட்டரை முழுதும் மூடி இறங்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டேயிருந்தால், பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துபோகும். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். 'சீஸ் ஆயிற்று' என்பர் மெக்கானிக்குகள். அந்நொடியில் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டுபவன் தூக்கி எறியப்படலாம். இடையிடையே ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து மூடுவதே இதற்குக் காப்பு.

ஆதலால் நம் வேண்டுகோள் இது. இன்ஜினுக்கு முன்னே பிரேக். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நல்ல பிரேக் பொருத்தி, வண்டியைக் கையால் சரிவில் தள்ளி நிறுத்திக் காட்டிய பிறகே இன்ஜினை ஏற்ற இசையுங்கள். சட்டத்தின் பற்றவைப்பைத் தேர்ந்த வெல்டரிடம் ஒப்படையுங்கள். தலைக்கவசமின்றி ஏறவிடாதீர்கள்.

பதிவு பெறாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தரவில்லை. கியரில்லாத 50 சி.சி. வண்டிக்கும் உரிமம் பெற 16 வயது நிரம்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் நேரலாம். எனவே, உரியவர் இசைவு பெற்ற மைதானத்தில், உங்கள் கண்முன் மட்டுமே அது ஓடட்டும்.

ஞாயிறு பிற்பகல்களில் ஒரு மணி நேரம் அவனோடு கொட்டகையில் அமருங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் வரிசையாகத் தாளில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பானரை நீங்கள் பிடிக்க வேண்டாம். விளக்கைப் பிடித்தால் போதும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், தந்தை பக்கத்தில் இருந்ததை மகன் மறக்கமாட்டான்.