200 வாட் பொய்

காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்துகிறவனைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் ஒரு சித்திரம் நிலைபெற்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தெருவை அதிரவைத்துப் போகிறவன், டிக்கியில் பாதியை சப்வூஃபர் பெட்டிக்குத் தாரைவார்த்தவன், ரசனையற்றவன். இச்சித்திரத்தைத் தீட்டுகிறவர்கள், கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவிலேயே கச்சேரி கேட்டு நிறைவடையும் கண்ணியவான்கள். 'உள்ளதே போதும்' என்பது அவர்களுடைய அழகியல் கொள்கை. கேட்கத் தெரியாமைக்கு இட்டுக்கொண்ட நாகரிகப் பெயர்தான் அது என்பது நம் தரப்பு.

உள்ளது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கார் ஸ்டீரியோக்களின் பெட்டியிலும் முகப்பிலும் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆக 200 வாட். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அதை 4 ஓம் ஸ்பீக்கருக்கு அப்படியே கொடுத்தால், இழப்பே இல்லாத கற்பனைக் கருவியிலும் கிடைக்கும் தூய ஒலி ஏறத்தாழ 26 வாட்தான். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டி நின்றுவிடும். அந்த 50 எங்கிருந்து வந்தது? அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கிவிட்டால் கணக்கு 50-ஐத் தொடுகிறது. அதாவது, பாட்டு பாட்டாக இல்லாமல் வெறும் இரைச்சலாகிவிட்ட நிலையின் எண்ணைத்தான் பெருமையோடு முகப்பில் எழுதிவைக்கிறார்கள். கருவியின் பின்புறம் 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் அது தொடர்ந்து உள்ளே வாங்கக்கூடியது 144 வாட். 144 வாங்கி 200 கொடுக்கும் அற்புதம் நம் சீட்டுக் கம்பெனிகளுக்கே கைவந்த கலை. அவற்றின் கதி என்னவாயிற்று என்பதையும் அறிவோம்.

'20 வாட் போதாதா, நாங்கள் மெல்லக் கேட்கிறவர்கள்' என்பார்கள் கண்ணியவான்கள். இங்கேதான் அவர்கள் அடியோடு தவறுகிறார்கள். மெல்லக் கேட்பவனுக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

ஒலி குறையக் குறைய, மனிதச் செவி கீழ்ஸ்தாயி ஓசைகளை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். போதாததற்கு, டயர் உருளும் ஓசையும் எஞ்சின் உறுமலும் பெரும்பாலும் அதே தாழ்ந்த அலைவரிசைகளில் வந்து எஞ்சியதையும் மூடிவிடுகின்றன. எனவே ஓடும் காரில் முதலில் காணாமற்போவது மிருதங்கத்தின் தொப்பி. ரவை பூசி, ஈரம் பார்த்து, வித்வான் அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த அந்தக் கும்கி போய்விட, வலந்தலையின் 'டிக் டிக்' மட்டும் மிஞ்சுகிறது. இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிதார் தனக்கென்று ஒரு கதையை அடியில் சொல்லிக்கொண்டு போகும், அதுவும் போயிற்று. அடித்தளம் உருவப்பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு 'பழைய பாட்டு, பதிவு அவ்வளவுதான்' என்று தீர்ப்பு வேறு எழுதுகிறோம்.

இழந்ததை மீட்க, அந்தக் கீழ் அலைவரிசைகளை மட்டும் 10 டெசிபல் உயர்த்தவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு மின்திறன். 2 வாட்டில் அடக்கமாக ஒலித்துக்கொண்டிருந்த தொப்பி இப்போது 20 வாட் கேட்கிறது. கம்பெனி ஸ்டீரியோவின் கஜானா அந்த ஒரு தட்டோடு காலி. அதற்குமேல் வருவதெல்லாம் தலைவெட்டப்பட்ட அலை, கரகரப்பு, தலைவலி. தனி ஆம்ப்ளிஃபயர் தன்னுள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்வதால் இந்த முட்டுச்சந்தில் மாட்டுவதில்லை. தெருவுக்குக் கேட்காத அளவில் முழுப் பாட்டையும் கேட்க வழி இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வால்யூமை ஏற்ற ஏற்ற பாஸைத் தானாகவே குறைத்துவிடும்படி பல கம்பெனி ஸ்டீரியோக்கள் அமைக்கப்பட்டுள்ளன. கதவுக்குள் இருக்கும் மலிவான ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாதல்லவா! ஆகவே அதன் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபயரை மட்டும் கொண்டுபோய் இணைத்தால், குறைக்கப்பட்ட பாஸ்தான் பெரிதாகி வரும். அந்தத் திருத்தத்தைச் சமன்செய்யும் டி.எஸ்.பி. கருவியும் நடுவில் வேண்டும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 'பாஸ் பத்தலையா, பெரிய சப்வூஃபர் போடுங்க சார்' என்பதே அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து.

இந்த மருந்தை வாங்கித் தெருவை அதிரவைப்பவர்களுக்காக நாம் வாதாடவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனக் கணக்கில் 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலைத் தாங்குவது பதினைந்து நிமிடம். தங்கள் காதை அழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கலாம். தொட்டிலில் கிடக்கும் பக்கத்துவீட்டுக் குழந்தையின் உறக்கத்தின்மீது கிடையாது. ஆனால் அவர்களும் கண்ணியவான்களும் ஒரே பிழையின் இரு கிளைகள். ஆம்ப்ளிஃபயர் என்றால் சத்தம் என்று இருவரும் நம்புகிறார்கள். அவர் அதற்காக வாங்குகிறார், இவர் அதற்காக வெறுக்கிறார். நாகஸ்வரமும் தவிலும் வீதிக்கு, வீணை அறைக்கு என்று பிரித்தறிந்த மரபு நம்முடையது. காருக்குள் இருப்பது அறை. (சபாக்களில் மைக்கைக் கையாள்பவர்கள் இந்த வேறுபாட்டுக்குச் செய்யும் கொடுமை தனிக் கட்டுரைக்கு உரியது.)

பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் அந்த வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் எரிவது வண்டி. கம்பெனி வயரை வெட்டாமல் இணைக்கும் கப்ளர்கள் கிடைக்கின்றன. 'வாரண்டி போய்விடும்' என்று அஞ்சும் நண்பர்கள் அவற்றைக் கேட்டு வாங்கலாம். எல்லாம் முடிந்தபின், கடைக்காரர் கெயின் திருகை வலக்கோடிவரை முறுக்கிவைத்து 'எப்படி அடிக்குது பாருங்க' என்பார். கெயின் வால்யூம் அல்ல என்று அவருக்கு எடுத்துச்சொல்லி, கரகரப்பு முற்றிலும் மறையும்வரை அதைத் திருப்பி இறக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.