அழுகை குற்றமன்று

மோதி பாக் தில்லித் தமிழர்க்குப் புதிய பெயரன்று. நடுவண் அரசு ஊழியர் குடியிருப்புகளும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்குண்டு. அருகிலேயே தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகமும், வெளியூர் மாணவர் நெருங்கி வாழும் சத்திய நிகேதன் வாடகை அறைகளும் உள்ளன. அத்தகைய அறையொன்றில் பதினெட்டு வயது மாணவர் ஒருவர், நள்ளிரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆலிஸ் இன் செயின்ஸ் என்னும் கிரஞ்ச் ராக் குழுவின் ‘டர்ட்’ இசைத்தொகுப்பைக் கேட்கிறார் எனக் கொள்க. பெற்றோரும் ஆசிரியரும் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: “இந்த இருண்ட பாட்டெல்லாம் உனக்கு எதற்கு?” அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் அரியர்.

கிரஞ்ச், 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றி உருவான இசை. நிர்வாணா, சவுண்ட்கார்டன், பேர்ல் ஜாம், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகியவை அதன் முதன்மைக் குழுக்கள். போதை, தனிமை, தன்வெறுப்பு, இழப்பு ஆகியவற்றை அவை ஒளிக்காமல் பாடின. நிர்வாணாவின் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் போதைக்குப் பலியானார். இம்மரணங்களைக் காட்டி, “பாடியவரையே கொன்ற பாட்டு கேட்பவரை விட்டுவைக்குமா?” என்று வினவுவது நம் கல்விப்புலத்தில் எளிதாகிவிட்டது. வினவுவோர் சான்றைத் தேடியிருந்தால் இத்துணை உறுதியோடு பேசியிருக்க மாட்டார்கள்.

கோபேனின் மரணத்துக்குப் பின் அவருடைய இரசிகர்களிடையே தற்கொலைகள் பெருகும் என்ற அச்சம் சியாட்டிலில் பரவியிருந்தது. டேவிட் ஜோப்ஸும் உடனாய்வாளரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அவ்வச்சத்தைச் சோதித்தது. அந்நகர் அடங்கிய கிங் மாவட்டத்தில் எதிர்பார்க்கப்பட்ட பெருக்கம் காணப்படவில்லை. உதவி நாடி நெருக்கடி மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளே மிகுந்தன. பொது அஞ்சலியும், ஊடகங்கள் காத்த பொறுப்பும், உதவி எண்கள் பரவலாக அறிவிக்கப்பட்டதும் இதற்குத் துணைநின்றிருக்கலாம் என அவ்வாய்வாளர் கருதினர். துயரத்தைப் பொதுவெளியில் பேச இடமளித்த ஒரு நகரம் தன் இளையோரைக் காத்துக்கொள்ள முயன்ற வரலாறு அது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை மறைக்கத் தேவையில்லை. போதையின் நரகத்தைப் பாடிய தம்மிடமே, தாம் போதையில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இரசிகர் சிலர் வந்தனர் என்றும், தாம் அஞ்சியது அதற்குத்தான் என்றும் ஸ்டேலியே ஒரு நேர்காணலில் வருந்தினார். பாடல் தவறாகக் கேட்கப்படலாம் என்பது உண்மை. ஆயின் தவறான கேட்பை மாற்ற உடனிருந்து கேட்பவர் வேண்டும். தடை அதைச் செய்யாது. 1992இல் வெளிவந்த அதே ‘டர்ட்’ தொகுப்பில் ‘ரூஸ்டர்’ என்றொரு பாடல் உண்டு. வியத்நாம் போரிலிருந்து திரும்பிய தம் தந்தையின் உள்ளத்தைப் புரிந்துகொள்ள மகன் ஜெர்ரி கான்ட்ரெல் எழுதியது அது. போர் ஒரு வீட்டை என்ன செய்தது என்று கேட்கும் அப்பாடலை ‘நோய்’ என்று தள்ளுவோர், போரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் தப்பிவிடுகின்றனர்.

தமிழ் மரபின் பெயரால் இவ்விசையை ‘மேலைநாட்டு விரக்தி’ என விலக்குவோர் தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. மெய்ப்பாட்டியல் எண்ணும் எட்டனுள் அழுகையும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் கூறப்படுகின்றன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உரியவரையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. அழுபவரின் மனக்கோளாறு என்றோ, அவர் கேட்ட பாட்டு என்றோ அவ்விலக்கணம் காரணம் காட்டவில்லை. அழுகையைக் கண்டால் அதன் நிலைக்களனைத் தேடு என்பதே அது கற்பிக்கும் முறை.

அம்முறையை இன்றைய வளாகத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். தில்லி ஐ.ஐ.டி. மாணவர் இருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 மார்ச் 24 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாணவர் மனநலத்தை ஆராய நீதிபதி (ஓய்வு) எஸ். இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. படிப்பின் அழுத்தம், சாதிப் பாகுபாடு, பணநெருக்கடி, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றை அத்தீர்ப்பு காரணிகளாகச் சுட்டியது. சாதி இகழ்ச்சி இளிவு, பணமின்மை வறுமை, பள்ளியில் முதலிடம் பெற்றவர் கல்லூரியில் தேர்ச்சிக்கே திணறுவது அசைவு. ஹெட்போன் இப்பட்டியலில் எங்கும் இல்லை.

இதில் இன்னொரு இரட்டை வழக்கும் உண்டு. பாரி மகளிரின் கையறுநிலைப் பாட்டு பாடத்திட்டத்தில் இடம்பெறும். அதன் சோகத்தை வியந்து கட்டுரைகள் எழுதப்படும். வடசென்னையில் பிணத்தருகே இரவெல்லாம் பாடப்படும் மரண கானா நெடுங்காலம் ‘இரைச்சல்’ எனப்பட்டது. கானாவை ராக், ராப் இசைகளோடு ஒரே மேடையில் நிறுத்த, 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு அரங்கேற வேண்டியிருந்தது. அழுபவர் இறந்து ஈராயிரம் ஆண்டாயின் அவர் அழுகை இலக்கியம். அடுத்த அறையில் உயிரோடிருப்பவராயின் அது ஒழுக்கக்கேடு. துயரத்தைக் கற்பிக்கும் துறைகளே துயருறுவோரைக் கண்டு முகஞ்சுளிப்பதினும் பெரிய முரண் வேறில்லை.

இருண்ட பாட்டைக் குற்றவாளியாக்குவது நிறுவனங்களுக்கு வசதியானது. அதற்குச் செலவில்லை. உதவித்தொகையைக் காலத்தில் வழங்க வேண்டியதில்லை. மனநல ஆலோசகரை நிரந்தரமாக நியமிக்க வேண்டியதில்லை. சாதிப் பெயரால் இகழ்ந்த ஆசிரியரை விசாரிக்கவும் வேண்டியதில்லை. சத்திய நிகேதன் அறையில் அந்தப் பாட்டு நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதென்று கொள்ளலாம். ஆனால் பாட்டு நின்ற பின்னும் அம்மாணவர் விழித்தேதான் இருப்பார். அவர் ஒலிக்கவிட்ட பாட்டையேனும் உடனமர்ந்து கேட்க ஆசிரியர் ஒருவர் முன்வந்தால், “உனக்கு என்ன நேர்ந்தது?” என்னும் கேள்விக்கு அங்கேயே வழி பிறக்கும்.