கட்டத்துக்குள் ஒரு பெயர்



மாதம் தவறாமல் நாலைந்து இதழ்கள் எங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வருகின்றன. ‘முகவரி சரியில்லை’ என்று உறைமேல் எழுதியிருக்கும். சந்தா படிவத்தை எடுத்துப் பார்த்தால் வாசகர் சரியாகத்தான் எழுதியிருப்பார். பின்கோடில் அவர் போட்ட 1, எங்கள் கண்ணுக்கு 7 ஆகியிருக்கும். பணம் கட்டிவிட்டு இதழை எதிர்பார்த்திருந்த அந்த வீட்டை நினைத்தால் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் இந்த மாதம் முதல் சந்தா படிவத்தைப் பிடிஎஃப் கோப்பாகவும் தருகிறோம். கணினியில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்திட்டு, காசோலையோடு தபாலில் சேர்த்துவிடலாம்.

இந்த யோசனை எனக்கு அப்பாவால் வந்தது. அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுபதைத் தாண்டியதும் விரல் நடுங்க ஆரம்பித்தது. வைப்புத்தொகை வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் வங்கியில் 15எச் படிவம் கொடுப்பார். ஒரு வருஷம் பான் எண்ணில் ஓர் எழுத்து அடித்துத் திருத்தியதாக இருந்தது என்று படிவத்தை ஏற்கவில்லை. வேறொன்று எழுதிக் கொடுப்பதற்குள் வட்டியில் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்துதான் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினோம். பணம் போனதைவிட, தன் எழுத்தைப் பிழை என்று சொன்னதுதான் அவரை வருத்தியது.

அடுத்த ஏப்ரலில் வருமானவரித் துறையின் தளத்திலிருந்து படிவத்தை இறக்கி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். தவறினால் அழித்து எழுதலாம், அடித்தல் தெரியாது. அச்செடுத்த தாளில் அவர் வேலை கையெழுத்து மட்டும். அதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, ஒரு சுழியும் பிசகாமல் போட்டார். அந்தக் கோப்பைச் சேமித்து வைத்திருந்ததால் மறுவருஷம் தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

சேமிப்பது என்பது ரொம்ப நாள் சுலபமாக இருக்கவில்லை. அடோபி நிறுவனம் பிடிஎஃப் முறையை வெளியிட்டது 1993இல். ஆனால் அதன் இலவச ரீடரில் பெரும்பாலான படிவங்களை நிரப்பி அச்செடுக்க முடிந்ததே தவிர, நிரப்பியதைச் சேமிக்க முடியவில்லை. 2012இல் வந்த ரீடர் பதிப்பில்தான் அது பொதுவான வசதியானது. இன்றைக்கும் சேமித்த கோப்பை ஒருமுறை மூடித் திறந்து, எழுதியது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் நிரப்புகிறவர்கள் டவுன்லோட்ஸ் பகுதியிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் கோப்பை அழித்துவிட்டு எழுந்திருங்கள். அதில் உங்கள் பிறந்த தேதியும் பான் எண்ணும் இருக்கின்றன.

தமிழில் நிரப்புவதுதான் இன்னும் கஷ்டம். படிவத்தில் எழுத்துக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருப்பார்களே, அது ஆங்கிலத்தை மனசில் வைத்துச் செய்தது. ‘பொன்னுச்சாமி’ என்ற பெயரில் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் 12 குறிகள். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அந்தக் கணக்கில் கட்டம் பிரித்தால், மெய்யெழுத்து ஒரு கட்டத்திலும் அதன் புள்ளி அடுத்த கட்டத்திலும் போய் விழும். படிவம் செய்தவர் தமிழ் எழுத்துருவைச் சேர்க்காமல் விட்டால் வெறும் சதுரங்கள்தான் வரும். 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் இந்த நிலை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. படிவம் செய்கிறவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் ஒருமுறை தட்டிப் பார்த்தாலே பாதிக் குறை தீரும்.

தலைப்பெழுத்துத் தொல்லை தனி. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது. வீட்டில் ஒவ்வொருவர் பெயரும் எந்த அட்டையில் எப்படி இருக்கிறது என்று ஒரு கோப்பில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பும்போது அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்து மாறாது.

எங்கள் சந்தா படிவத்தில் எழுத்துக் கட்டம் கிடையாது. பெயருக்கு நீளமாக ஒரே இடம் விட்டிருக்கிறோம். தலைப்பெழுத்தை உங்கள் வழக்கப்படியே போடலாம். தமிழில் தட்டிச் சோதித்தாயிற்று. அப்படியும் உங்கள் கணினியில் ஏதாவது எழுத்து உடைந்தால் எங்களுக்கு எழுதுங்கள், சரிசெய்கிறோம். வீட்டில் பெரியவர்களுக்காக நிரப்பித் தருகிற பிள்ளைகள், கையெழுத்து இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

பேனாவால் எழுதுகிறவர்களுக்கு அச்சுப் படிவம் வழக்கம்போல கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 1 போடும்போது மட்டும், தலையில் வளைவு வைக்காமல் நேராக ஒரே கோடாக இழுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்