துக்க வீட்டில் ஜெபம்

மலைநாட்டாருக்கு மழை புதியதன்று. தலையில் கம்பளியும் இடையில் படங்குமாக நனைந்தபடியே கொழுந்து பறித்துப் பழகிய பரம்பரை அது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த மழை வேறுவகையானது. 28-ஆம் திகதி புயல் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவின் கொடுமை மிகுதியாயிருந்தது. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சம் புகுந்தன.

அத்தகைய இரவொன்றில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஜெபிக்கிறாள். அதனால் அவள் அடைவது என்ன? “ஜெபித்தால் மலை சரியாமல் நின்றுவிடுமா?” என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. கேள்வி தவறானதன்று. அதனினும் கடுமையாகக் கேட்டவர்கள் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கின்றனர்.

யோபின் சரித்திரத்தை நேயர்கள் அறிவர். அவனுடைய மக்கள் மாண்டது பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்ததனால்தான் என்பதைப் பலர் மறந்திருக்கலாம். துக்கம் கேட்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையிலே வாய்பேசாது உட்கார்ந்திருந்தார்கள். அதுவரையில் அவர்கள் செய்தது நல்ல காரியமே. பிறகு வாய் திறந்தார்கள். உன் பாவந்தான் உன்னை இவ்வாறு வருத்துகிறது என்று விளக்கம் கூறத் தொடங்கினார்கள். கதையின் முடிவிலே கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல் மூண்டது. முறையிட்டுப் புலம்பிய யோபோ அவர்களுக்காக வேண்டுதல் செய்பவனாக நிறுத்தப்பட்டான்.

இத்தகைய நண்பர்கள் மலைநாட்டிலும் உளர். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவளிடம் சென்று, “எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதே அம்மா” என்று கூறிவிட்டு வருகிறார்கள். சரிவிலே லயத்தைக் கட்டியது ஆண்டவர் சித்தமா? லயம் எங்கே அமைய வேண்டுமென்று முடிவு செய்தவை தோட்ட நிருவாகங்கள். அதிலே தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்போருக்கு அந்த நிலத்தில் உரிமைப் பத்திரம் பெரும்பாலும் இல்லை. மனிதர் செய்யத் தவறியதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தியாகாது என்பதே நம் எண்ணம்.

ஒப்பாரி கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று கண்டிக்கும் பெரியவர்கள் சிலரையும் நாம் கண்டதுண்டு. அவர்கள் கையிலுள்ள வேதாகமத்திலேயே ‘புலம்பல்’ என்னும் பெயரோடு ஒரு தனி நூல் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் நகரம் பாபிலோனியரால் அழிந்தபோது எழுந்த துயரப் பாடல்கள் அவை. ஐந்து பாடல்களில் முதல் நான்கும் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. நெஞ்சு சிதறிய வேளையிலும் துயரத்தை எழுத்தெழுத்தாக அடுக்கிப் பாடியிருக்கிறார்கள்! நம் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்தமர்ந்து, இறந்தவரின் குணத்தையும் குடும்பத்தையும் அடுக்கடுக்காகச் சொல்லி அழுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மலையகத்தார் ஒரு புகைவண்டிக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டவர்கள். 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். ஹட்டன் போன்ற நிலையங்களிலே ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை குடும்பத்தார்! தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த அந்த மேடைகளில் ஒப்பாரியையும் ஜெபத்தையும் எவரால் வேறுபிரித்திருக்க முடியும்?

இத்தோட்டங்களிலே தமிழில் ஜெபம் ஒலிக்கத் தொடங்கிய வரலாறும் சிந்தனைக்குரியது. 1854-ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. (பெயரைப் பார்த்தீர்களா!) திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டந்தோட்டமாக நடந்தனர். துரைமாரின் பணமும் அம்முயற்சிக்குத் துணைநின்றது; ஆகவே அதைக் குறையே இல்லாததென்று நாம் போற்றப்போவதில்லை. ஆயினும் துரையிடமோ கங்காணியிடமோ சொல்லத் துணியாததைக் கடவுளிடம் சொந்த மொழியிலே சொல்லலாம் என்ற துணிவை அது சிலருக்கேனும் அளித்திருக்கும்.

டிக்கோயாவில் 1878-இல் எழுந்த வார்லி தேவாலயத்தின் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயர் பொறித்து நிற்கின்றன. தேயிலைக்கு உரமாய்ப் போன தொழிலாளரின் மண்மேடுகளுக்குப் பெயர்க்கல் ஏது? துக்க வீட்டு ஜெபத்திலோ இறந்தவரின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. பிரட்டுக்களத்தில் பெயர்ப்பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தவள் அங்கே இன்னாரின் மகள், இன்னாரின் தாய் என்று நினைக்கப்படுகிறாள். கத்தோலிக்க வீடாயின் ஜெபமாலை. புரட்டஸ்தாந்து வீடாயின் சங்கீதமும் கீர்த்தனையும். அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்கு அடுத்த காம்பராவின் சைவக் குடும்பத்தார் சாயத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாமும் ஓரமாய் அமர்ந்திருப்பர். மலை நிற்குமா என்று கேட்ட மாணவருக்கு நாம் காட்டக்கூடியது அந்தக் காம்பராதான். அங்கே மலையைப் பற்றி எவரும் உத்தரவாதம் தருவதில்லை. அழுகிறவளைத் தனியே விட்டுச் செல்வதுமில்லை.

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் முறையீடுகள் ஏராளம். பெரும்பாலானவை நம்பிக்கையிலோ துதியிலோ சென்று முடிகின்றன. 88-ஆம் சங்கீதம் மட்டும் ஆறுதல் மொழி எதுவுமின்றி இருளிலேயே நின்றுவிடுகிறது. தொகுத்தவர்கள் அதை நீக்கவில்லை. திருத்தி முடித்து வைக்கவுமில்லை. துக்க வீட்டில் ஜெபம் நடத்தச் செல்லும் இளைஞர்கள், புறப்படுமுன் அதை ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்வார்களாக.